தலைக்கு எண்ணெய் வைத்து அருவி பார்த்த கதை

எடிசன், நியூ ஜெர்சி
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். காலையில் போனில் “நேத்து ஹைக் போனோம்” என்றுதான் சொன்னேன். “ஹைக் வந்துச்சு” என்று சொல்லவில்லை. லைன் இரைச்சலில் உங்களுக்குச் சம்பள உயர்வு என்று கேட்டிருக்கிறது. கேட்டதோடு விட்டிருக்கலாம். மத்தியானத்துக்குள் மேலகரம் அத்தை கூப்பிட்டு “எத்தனை பர்சென்ட்?” என்று விசாரிக்கிறாள். அம்மன் கோவில் கொடைக்கு என் பெயரில் பத்தாயிரம் எழுதிவிட்டீர்களாம். எழுதினதை அடிக்க வேண்டாம், சாமி காரியம். கடைசியில் உள்ள பூஜ்யத்தை மட்டும் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஹைக் என்றால் இந்த ஊரில் நடப்பது. நடப்பது என்றால் நீங்கள் கீரை வாங்க நடப்பது போல இல்லை. கீரை வாங்காமல் நடப்பது. காட்டுக்குள்ளோ மலைக்குள்ளோ போய், ஒரு வேலையும் செய்யாமல், போன வழியே திரும்பி வர வேண்டும். அதற்குத் தனிச் செருப்பு, தனிச் சட்டை, முதுகில் பை, பைக்குள்ளிருந்து வாய்வரை வரும் தண்ணீர்க் குழாய், இரண்டு கையிலும் கம்பு. சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி கோவிலுக்கு நீங்கள் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு பாறை ஏறினீர்களே, அதை இங்கே யாரிடம் சொன்னாலும் உங்களுக்குப் பதக்கம் கொடுப்பார்கள்.

பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் முன்பு ஆபீஸ்காரர்களோடு ஒரு நடுத்தரத்துக்குப் போய் வந்து மூன்று நாள் மாடிப்படியை உட்கார்ந்துகொண்டே இறங்கினேன். அதனால் அம்மாவை அழைத்துப்போக வேண்டும் என்றதும் சுலபத்திலேயே சுலபமாக ஒன்றைத் தேடினேன். நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்று ஒரு ஊர். கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். அதற்குக் கொஞ்சம் வடக்கே, கயூகா ஏரியின் மேற்குக் கரையில், ஓர் ஓடை மலையை அறுத்துக்கொண்டு வந்து ஏரியில் விழுகிறது. அறுத்த இடுக்கு முழுவதையும் மாநிலப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். இடுக்கின் கடைசியில் அருவி. கார் நிறுத்துமிடத்திலிருந்து முக்கால் மைல், நம் கணக்கில் ஒன்றேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாதை ஏறக்குறைய சமதளம். பெயர் டகானக். ஆங்கிலத்தில் எழுதினால் பாதி எழுத்து சத்தம் போடாது. அம்மா முதல் நாளே அதை ‘டக்கர் அருவி’ ஆக்கிவிட்டாள். பேரனும் இப்போது அப்படித்தான் சொல்கிறான்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு மணி நேரக் கார்ப் பயணம். ஒன்றேகால் கிலோமீட்டர் நடக்க நாலு மணி நேரம் காரில் போவதா என்று கேட்காதீர்கள். உங்கள் மருமகள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

சனிக்கிழமை விடிய நாலரை மணிக்கு எழுந்து அடுக்களைக்குப் போனேன். அம்மா எனக்கு முன்னால் எழுந்து புளியோதரை கிளறி முடித்திருந்தாள். அடுப்பில் சின்ன இரும்புக் கரண்டி. அதில் நல்லெண்ணெய், நாலு மிளகு, கொஞ்சம் சீரகம். “எய்யா, இப்படி உக்காரு” என்றாள். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சூடான எண்ணெய் உச்சந்தலையில் இறங்கிக் காது வழியாக வழியும்போதுதான் எனக்கு முழு விழிப்பு வந்தது.

“என்னம்மா இது?”

“சனிக்கெழம. அருவிக்குப் போறோம். பின்ன?”

அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது சித்தப்பா. ஐம்பது வருஷமாக அருவி என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். அருவிக்கு யாரும் ‘பார்க்க’ப் போவதில்லை, குளிக்கப் போவது. குற்றாலத்தில் அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது என்று கோர்ட் தடை போட்டு, உங்கள் கடையில் எண்ணெய்ப் பாட்டில் தூசி படிந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால்தான் வீட்டிலேயே தேய்த்துவிட்டாளாம். “அங்க போயித் தேச்சாத்தானே கேப்பான்?” சட்டத்தை எவ்வளவு மதிக்கிறாள் பாருங்கள்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். டகானக் அருவியில் குளிக்கக் கூடாது. அந்தப் பூங்கா விவரத்தில் முதல் நாளே படித்திருந்தேன். ஆனால் எண்ணெய் ஏற்கெனவே தலையில். அவள் கைப்பையில் எட்டிப் பார்த்தேன்: இரண்டு துண்டு, எனக்கு மாற்று வேட்டி, சீயக்காய்ப் பொட்டலம். நாலரை மணிக்கு இதையெல்லாம் பார்த்த பிறகு உண்மை பேச எனக்குத் தைரியம் வரவில்லை. போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று பேஸ்பால் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்தேன்.

வழியில் சொல்லவில்லை. பென்சில்வேனியா மலைகளைத் தாண்டும்போது சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். வெளியே குளிர், அதனால் கண்ணாடி ஏற்றியிருந்தது. ஹீட்டர் காற்றில் மிளகும் சீரகமும் நன்றாகப் பரவி, பின் சீட்டிலிருந்து உங்கள் பேரன், “அப்பா, உங்க மேல தோசை வாசனை வருது” என்றான். இப்படியே நாலு மணி நேரம்.

இதாகாவில் டீ-ஷர்ட் கடைகளில் ‘இதாகா இஸ் கார்ஜஸ்’ என்று அச்சடித்து விற்கிறார்கள். கார்ஜ் என்றால் மலையிடுக்கு, கார்ஜியஸ் என்றால் அழகு. இரண்டையும் சேர்த்து ஒரு சிலேடை. ஊரே அந்த ஒரு சிலேடையை வைத்துப் பிழைக்கிறது. நம் பக்கம் பட்டிமன்றத்தில் இதைச் சொன்னால் ஒரு நிமிஷக் கைதட்டல் வரும், அவ்வளவுதான்.

கார் நிறுத்தி இறங்கினோம். இந்த மாதிரிப் பூங்காக்களில் காருக்குத்தான் கட்டணம், தலைக்கு இல்லை. அம்மா புடவை, அதன்மேல் உங்கள் மருமகளின் ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், காலில் வெள்ளை ஓட்டப்பந்தய ஷூ. மே மாதம், நம் ஊரில் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் சமயம். இங்கே வாயைத் திறந்தால் ஆவி வருகிறது. மூட்டுக்கு ஆதரவாக இருக்கட்டும் என்று உங்கள் மருமகள் ஒரு ஜோடி ஹைக்கிங் கம்பு வாங்கியிருந்தாள். அம்மா அதில் ஒன்றைப் பேரனிடம் கொடுத்துவிட்டு மற்றதில் புளியோதரைப் பையை மாட்டித் தோளில் சாய்த்துக்கொண்டாள். காவடி மாதிரி இருந்தது.

ஆனால் பாதை நிஜமாகவே சுலபம். அகலமாக, மட்டமாக, ஓடையை ஒட்டியே போகிறது. தொடக்கத்திலேயே ஒரு குட்டி அருவி வந்தது. அம்மா அங்கேயே துண்டை எடுக்கப் போனாள். “இது இல்லம்மா, இன்னும் இருக்கு” என்று தள்ளிக்கொண்டு போனேன்.

எதிரே வருகிறவர்கள் எல்லோரும் சிரித்து ‘ஹாய்’ சொல்கிறார்கள். ஊருக்குள் பக்கத்து வீட்டுக்காரர் முகம் பார்க்க மாட்டார். காட்டுப் பாதையில் மட்டும் இவர்களுக்கு மனிதர்மேல் பிரியம் பொங்கும். அம்மா ஒவ்வொருவரிடமும் “வாங்க, வாங்க” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் “இவ்வளவு பேரும் உனக்குத் தெரிஞ்சவங்களாய்யா?” என்று கேட்டாள். ஒரு பெண் நின்று புடவையைக் காட்டி ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்லுதா?”

“சேலை ரொம்ப நல்லாருக்காம்.”

“வெல கேட்டாளா?”

“இல்ல.”

“பின்ன என்னத்த நல்லாருக்கு.”

நாய்கள்தான் அதிகம். எல்லாம் கயிற்றில், ஒழுங்காக, சில சட்டை போட்டுக்கொண்டு. குரங்கு ஒன்றுகூட இல்லை. அம்மா பழக்க தோஷத்தில் புளியோதரைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே பாதி தூரம் நடந்தாள்.

கடை எத்தனை என்று கேட்பீர்கள், அது தெரியும். அருவிவரை போகும் பாதையில் ஒன்றுகூட இல்லை. மிளகாய் பஜ்ஜி இல்லை, நேந்திரம் சிப்ஸ் இல்லை, மங்குஸ்தான் இல்லை, ஜட்டி துண்டு இல்லை, “வாங்க சார் மசாஜ்” இல்லை. ஐந்தருவி ரோட்டில் பத்தடிக்குப் பத்தடி கடைக்கு நீங்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தேன். இங்கே ஒன்றேகால் கிலோமீட்டர் முகப்பு சும்மா கிடக்கிறது.

ஓடையின் தரை விசேஷமானது. சுண்ணாம்புப் பாறை. கொத்தனார் நூல் பிடித்துப் போட்ட மாதிரி நேர்க்கோட்டில் வெடித்து, சதுரம் சதுரமாகத் தளம் பாவினது போல இருக்கிறது. அதன்மேல் கணுக்கால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகிறது. “யாரு கல்லு பாவினது?” என்று அம்மா கேட்டாள். பேரன் பலகையைப் படித்துச் சொன்னான்: யாரும் பாவவில்லை, பாறையே அப்படித்தான் வெடிக்கும், சுமார் 38 கோடி வருஷத்துக்கு முன்னால் இதெல்லாம் கடலடியில் இருந்த சேறு. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கொத்தனாரின் பெயரையே மறைக்கிறோம் என்று சந்தேகப்படுவதாகத் தெரிந்தது.

ஆனால் அடுத்த பலகையில் இருந்த விஷயம் அவளுக்குப் பிடித்துப்போனது. எனக்கும்தான். பத்துப் பன்னிரண்டாயிரம் வருஷம் முன்பு, இந்த ஏரிப் பள்ளத்தை நிரப்பியிருந்த பனிப்பாறை உருகிப் பின்வாங்கியபோது, அருவி ஏரிப் பக்கம் விழுந்துகொண்டிருந்ததாம். அதாவது நாங்கள் கார் நிறுத்திய பக்கம். மேலே கெட்டிப் பாறை, கீழே மக்கிப்போகிற களிப்பாறை. தண்ணீரும் குளிர்கால உறைபனியும் கீழே அரித்து அரித்து, தாங்க ஆள் இல்லாமல் மேல் பாறை உடைந்து விழும். விழ விழ அருவி ஓரடி பின்னால் நகரும். அப்படியே நகர்ந்து நகர்ந்து இன்றைக்கு இருக்கிற இடத்துக்குப் போயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட உச்சியில் பெரிய பாறை ஒன்று பெயர்ந்து, அருவி விளிம்பின் வடிவமே மாறிவிட்டதாம். நாங்கள் அரை மணியில் நடக்கிற பாதை, அருவி பத்தாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பின்பக்கமாக நடந்த பாதை.

அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “பாவம், அதுக்கும் மூட்டுவலிதான்” என்றாள்.

போகப் போகச் சுவர்கள் இரண்டு பக்கமும் உயர்ந்துகொண்டே வந்தன. 400 அடிவரை உயரம். கடைசியில் ஒரு சின்னப் பாலம். தாண்டினால் சுவர் வட்டமாக வளைந்து, நடுவில் அருவி. 215 அடி. ஒரே வீழ்ச்சி. நயாகராவைவிட 33 அடி உயரம் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். நயாகரா கடல், இது வெள்ளைக் கரை வேட்டியை மாடியிலிருந்து உதறித் தொங்கவிட்ட மாதிரி. நம் காசிவிஸ்வநாதர் கோவில் கோபுரத்தைவிட உயரம் என்று அம்மாவிடம் சொன்னேன். அண்ணாந்து பார்த்தாள், குரங்குக் குல்லாய் பின்னால் கழன்று விழுந்தது. கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளுமே, அதே மாதிரி அருவிக் காற்று, தண்ணீர்த் தூளோடு.

நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை சித்தப்பா! மெதுவாகக் கிசுகிசுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தியானம். பேரருவியில் ஆம்பளைகள் பக்கம் கிளம்பும் “ஓய்ய்ய்” என்ற கூச்சல் எங்கே, இது எங்கே. பதினாலு வருஷத்தில் எனக்கும் இந்த அமைதி பழகிவிட்டது. அன்றைக்குத்தான், எண்ணெய்த் தலையோடு நின்றபோது, கல்யாண வீட்டுக்குப் போய் இலையைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அம்மா துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். வேறு வழியில்லாமல் பலகையைக் காட்டினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் குளிக்கிற ஆள் படத்தின்மேல் குறுக்குக் கோடு போட்டால் எந்த ஊரிலும் ஒரே பாஷைதான்.

“வெள்ளமா?” என்றாள்.

அவளுக்குத் தெரிந்த தடை அது ஒன்றுதான். பேரருவியில் வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் ஏற்றிவிடுவார்கள். வடிந்ததும் விடுவார்கள். “எப்ப விடுவான்?”

“விடவே மாட்டான்மா.”

நான் ஒரு குட்டிப் பிரசங்கம் செய்தேன். நம் பேரருவி நேரே வந்து தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடலில் விழுந்து, அங்கே வேகம் செத்து, பொங்கி வழிந்து வருகிறது. அதனால்தான் தாங்குகிறோம். இங்கே நடுவில் அப்படி ஒன்று இல்லை. உச்சியிலிருந்து 215 அடி நேரே. அடியில் நின்றால் கழுத்து தோளுக்குள் போய்விடும். அதோடு சுவரிலிருந்து எப்போது எந்தக் கல் உதிரும் என்று சொல்ல முடியாது. அருவி இன்னும் நடந்துகொண்டுதானே இருக்கிறது. அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். “நேத்தே தெரியுமா ஒனக்கு?” என்றாள்.

நான் பேசவில்லை.

“தெரிஞ்சுக்கிட்டா தலையக் காட்டிட்டு உக்காந்திருந்த?”

உங்கள் மருமகள் அருவியைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் தொப்பியைக் கழற்றினாள். உட்புறம் துடைத்த தோசைக்கல் மாதிரி மினுமினுத்தது. என் தலையைப் பிடித்துச் சாரல் வரும் பக்கம் திருப்பி நிறுத்தினாள். தூள் தூளாகத் தண்ணீர் வந்து உட்கார்ந்தது. ஆனால் எண்ணெயில் தண்ணீர் ஒட்டுமா? முத்து முத்தாக உருண்டு மூக்கில் சொட்டியது. ஐஸ் மாதிரி. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி இதை ஏதோ சடங்கு என்று நினைத்து, மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றாள். அம்மா துண்டால் என் தலையை ஒரு தட்டுத் தட்டி, “குளிச்சாச்சு, போ” என்றாள்.

திரும்பி வந்து ஏரிக்கரையில் மர மேஜையில் புளியோதரை சாப்பிட்டோம். அடுத்த மேஜைக் குடும்பம் கரி அடுப்பில் என்னவோ வாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மேஜையில் இரண்டாம் தடவை பரிமாறும்வரை யாரும் பேசவில்லை.

கிளம்பும்போது, வந்ததற்கு மேலே இருந்தும் ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று ரோட்டில் கொஞ்ச தூரம் ஏறினேன். அங்கே ஒரு கார் நிறுத்துமிடம். இறங்கிச் சில எட்டு வைத்தால் கைப்பிடிச் சுவர். எதிரே, முழுசாக, உச்சி முதல் அடிவரை, அதே அருவி. அம்மா அருவியைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “இத மொதல்லயே காட்டிருந்தா நடந்திருக்க வேண்டாமே?” நாலு மணி நேரத் திரும்பும் பயணத்தில் இந்தக் கேள்வி ஆறு முறை வந்தது.

அந்த மேட்டில் உங்களுக்குப் பிடித்த கதை ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்தில் அங்கே ஒரு ஹோட்டல். முதலாளி ஜான் தாம்சன். 1879இல் ஹோட்டல் பக்கத்தில் ரோட்டை அகலப்படுத்தத் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஏழடி உயரக் கல் மனிதன் வந்தான். ஆதி மனிதன் கல்லாய்ச் சமைந்துவிட்டான் என்று ஊரே திரண்டது. படித்தவர்கள் வந்து உரசிப் பார்த்தார்கள். ஹோட்டலில் கூட்டம். பிறகு கூட்டாளி ஒருவர் வாயாலேயே விஷயம் வெளியே வந்தது: முட்டை, ரத்தம், இரும்புத்தூள் என்று என்னென்னவோ சேர்த்துக் குழைத்து, வேகவைத்து, இவர்களே ராத்திரியில் புதைத்ததாம். இதே மாநிலத்தில் பத்து வருஷம் முன்பு, 1869இல், கார்டிஃபில் ஒரு கல் பூதத்தைப் புதைத்து எடுத்துக் காசு பார்த்திருந்தார்கள், அந்த யோசனைதான். அருவி மட்டும் போதாது, வியாபாரத்துக்குக் கூட ஒன்று வேண்டும் என்று 1879லேயே ஒரு மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. சீசன் டல்லாக இருந்தால் இதை யோசித்துப் பாருங்கள். ஆனால் சித்திக்குத் தெரியாமல் முட்டை எடுக்க வேண்டாம்.

சீசன் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே எல்லாம் தலைகீழ். பனி உருகுகிற வசந்தத்தில்தான் அருவிக்குத் தண்ணீர். உங்களுக்கு ஆனி ஆடியில் சாரல் கட்டிக் கடை நிறையும்போது இது மெலிய ஆரம்பிக்கும். மழை பெய்யாவிட்டால் ஆகஸ்டில் வெறும் நூல்தான்.

ராத்திரி பத்தரைக்கு வீடு வந்து, ஷவரில் நின்று, மூன்று தரம் சீயக்காய் போட்டும் எண்ணெய் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தலையணை உறை துவைத்தோம்.

நான் ஒரு தப்பும் செய்துவிட்டேன். இதாகாவுக்குத் தெற்கே ட்ரீமன் என்று இன்னொரு பூங்கா உண்டு, அங்கே அருவி விழும் குட்டையிலேயே கோடையில் குளிக்க விடுவார்கள், உயர நாற்காலியில் காவல் ஆள் உட்கார்ந்திருப்பார் என்று அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்னேன். ஜூன் கடைசியில் திறப்பார்கள். அம்மாவின் டிக்கெட் ஜூலை கடைசியில். காலண்டரில் ஒரு சனிக்கிழமையைச் சுழித்து வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
சம்பளம் உயராத உங்கள் மகன்

பி.கு.: ஜூனில் நம் தெருப் பையன் ஒருவன் இங்கே படிக்க வருகிறானாமே, அவனிடம் அரைக்கிலோ சீயக்காய்ப் பொடி கொடுத்தனுப்புங்கள். பொட்டலத்தின்மேல் சீயக்காய் என்றே எழுதுங்கள். போன முறை ஏர்போர்ட்டில் கேள்வி வரும் என்று ‘சாம்பார்ப் பொடி’ என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் மருமகள் அதில் சாம்பார் வைத்துவிட்டாள்.